வவுச்சர் இருக்கா?

சங்கு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பெருமாள் கை. கிரகப்பிரவேசம் முடிந்த வீட்டு வாசல்படி. கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிற வெள்ளிச் சங்கு. தெருவில் போகிற கடைசி ஊர்வலம். எங்கள் பெரம்பூர்ப் பக்கத்துப் பழைய ஆட்களைக் கேட்டால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். மில் சங்கு! பின்னி மில்லில் அது ஊதினால் ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பு எல்லாம் எழுந்து பல் தேய்க்கும். 'சங்கு ஊதியாச்சா?' என்று கேட்டால், மணி என்ன என்று அர்த்தம். 1996-ல் மில்லையே மூடிவிட்டார்கள்.

இத்தனை சங்கு தெரிந்த நமக்கு ஒரு விஷயம் மட்டும் சட்டென்று ஞாபகத்துக்கு வராது. சங்கு என்பது ஒரு நத்தையின் வீடு. கடலில் ஊர்ந்து, புழு பிடித்துத் தின்று, குடும்பம் நடத்திய ஒரு ஜீவன் காலி செய்துவிட்டுப் போன வீடு. அதற்கு விஞ்ஞானத்தில் 'டர்பினெல்லா பைரம்' என்று பெயர். 1767-ல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 'பைரம்' என்று பதிவு செய்தார். லத்தீனில் பைரம் என்றால் பேரிக்காய். நாம் பாஞ்சஜன்யம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிற சமாச்சாரம், அந்த மனிதர் கண்ணுக்குப் பேரிக்காயாகத் தெரிந்திருக்கிறது!

நம் ஆட்களும் சும்மா இல்லை. ஆயிரம் சிப்பிக்கு நடுவே ஒரு இடம்புரி, ஆயிரம் இடம்புரிக்கு நடுவே ஒரு வலம்புரி, ஆயிரம் வலம்புரிக்கு ஒரு சலஞ்சலம், ஆயிரம் சலஞ்சலத்துக்கு ஒரு பாஞ்சஜன்யம் என்று அந்தக் காலத்திலேயே பட்டியல் போட்டு வைத்தார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், எல்லாம் கையில் எடுத்து ஊதுகிற சைஸ். நான் சொல்லப் போகிற ஆசாமி கடுகு சைஸ். ரெண்டு மில்லிமீட்டர், மிஞ்சிப் போனால் மூன்று. கடலுக்கடியில் வெளிச்சம் எட்டிப் பார்க்காத ஆழத்தில் குடியிருக்கிறான். ஊதவும் முடியாது, சமைக்கவும் முடியாது, சாவிக்கொத்தில் மாட்டவும் முடியாது.

'அப்புறம் எதுக்குய்யா அவனைப் பத்தி ஒரு வாரம் வேஸ்ட் பண்றே?' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

கடல் நத்தைகளில் பெரியவை கொஞ்சம்தான். கூட்டம் முழுக்கச் சின்னதுகள். பாரிஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பிலிப் பூஷே என்பவர், தன் குழுவோடு பசிபிக் கடலில் நியூ கலிடோனியா தீவுக்குப் போனார். ஒரே ஒரு பகுதி, 295 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சியைவிடச் சின்ன இடம். அங்கே கிடைத்த சிப்பி, நத்தை வகையறாவை ஒன்று விடாமல் எண்ணினார்கள். 2002-ல் கணக்கு வெளியானது. 2,738 வகை! அதில் மூன்றில் ஒரு பங்கு, வளர்ந்து முடித்த பிறகும் சுமார் 4 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட்டது. இன்னொரு விஷயம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஐந்தில் ஒரு வகைக்கு, அத்தனை பேர் அத்தனை நாள் அலசியும் கிடைத்தது ஒரே ஒரு உருப்படி. அந்த ஒன்று சல்லடையில் நழுவிப் போயிருந்தால், அப்படி ஒரு வகை அங்கே இருந்ததே தெரியாமல் போயிருக்கும்.

நான் பி.காம். படித்தவன். தவளையை அறுத்தது பிளஸ் டூவோடு சரி. ஆனால், ஒரு புது நத்தைக்குப் பெயர் வைக்கிற முறையைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே அக்கவுன்ட்ஸ் சார்!

எப்படி என்று சொல்கிறேன். கப்பலிலிருந்து ஒரு இரும்புக் கூடையை ஆழத்துக்கு இறக்கி, தரையைச் சுரண்டி மேலே இழுக்கிறார்கள். வருவது சேறு. ஒன்றுக்குக் கீழே ஒன்றாகச் சல்லடை வைத்து அலசினால், நம் வீட்டு ரவை மாதிரி ஒரு பொடி மிஞ்சும். அதைத் தட்டில் பரப்பி, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். மணல் ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம், நத்தை ஒரு பக்கம். அரிசியில் கல் பொறுக்கத் தெரிந்த பொறுமை வேண்டும்.

பிரித்ததில் ஒன்று வித்தியாசமாகத் தெரிந்தால், அதன் ஓட்டில் எத்தனை சுற்று, வரிகள் எப்படி, வாய் எப்படி என்று அளக்கிறார்கள். ஓட்டின் உச்சி முனைதான் ரொம்ப முக்கியம். நத்தை குஞ்சாக இருந்தபோது கட்டிய முதல் சுற்று அங்கேதான் இருக்கும். அது கிட்டத்தட்ட பர்த் சர்ட்டிஃபிகேட். குஞ்சுப் பருவத்தில் கடலில் மிதந்து ஊர் சுற்றியதா, அல்லது முட்டையிலிருந்து வந்ததும் அங்கேயே ஊர்ந்து தங்கிவிட்டதா என்பதை அந்த முனையை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். நாக்கில் நாடா மாதிரி பல் வரிசை இருக்கும். அதையும் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப். அதில் வைக்கும் முன் பொருளுக்கு மெல்லிசாகத் தங்கம் பூசுவது வழக்கம். ரெண்டு மில்லிமீட்டர் நத்தைக்குத் தங்கமுலாம்! நம்ம ஊரில் கல்யாணத்துக்கே கவரிங் வாங்குகிற விலைவாசியில்.

அடுத்ததுதான் கணக்கு வேலை. இதே நத்தையை ஏற்கெனவே யாராவது வேறு பெயரில் பதிந்திருக்கிறார்களா என்று பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டும். 1758 ஜனவரி 1-ம் தேதிதான் விலங்குப் பெயர்களுக்கு ஓப்பனிங் பேலன்ஸ். லின்னேயஸின் புத்தகம் அந்தத் தேதியில் வெளியானதாக விதியிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து யார் முதலில் பதிந்தாரோ அவர் வைத்த பெயர்தான் செல்லும். இரண்டாவதாக வைத்தவர் நோபல் பரிசே வாங்கியிருந்தாலும் எண்ட்ரி அடிக்கப்படும். டபுள் எண்ட்ரி கொஞ்சநஞ்சம் இல்லை. 2015-ல் உலகக் கடல் உயிரினப் பதிவேட்டில் ஒரு சுத்திகரிப்பு நடந்தது. 4,18,850 பெயர்களைச் சரிபார்த்தார்கள். அதில் 1,90,400 டூப்ளிகேட்! ஐரோப்பியக் கடற்கரைப் பாறைகளில் ஒட்டிக் கிடக்கிற ஒரு சாதாரண நத்தைக்கு மட்டும் 113 பெயர்கள். நம் ரேஷன் கார்டு விவகாரம் எவ்வளவோ தேவலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் கடைசியில் ஒன்று வேண்டும். எந்த உருப்படியைப் பார்த்து இந்தப் பெயரை வைத்தீர்களோ, அந்த ஒற்றை உருப்படியை நம்பர் போட்டு ஒரு பொது மியூசியத்தில் ஒப்படைக்க வேண்டும். பின்னால் யார் சந்தேகப்பட்டாலும் அதை எடுத்துக் காட்ட வேண்டும். ஒரிஜினல் பில் அதுதான். 'ஹோலோடைப்' என்பார்கள். மற்றபடி இப்படிச் சாட்சியாகச் சேமித்து வைக்கிற உயிரின மாதிரிகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் வார்த்தை என்ன தெரியுமா? சாட்சாத் 'வவுச்சர்'தான்! வவுச்சர் இல்லாமல் எண்ட்ரி கிடையாது. இதைக் கேட்டால் எங்கள் காலேஜ் அக்கவுன்டன்ஸி வாத்தியார் கண்ணில் தண்ணீர் விட்டிருப்பார்.

இந்த வேலை நம் கடலுக்கும் நடந்திருக்கிறது. 1881-ல் பம்பாய் டாக்யார்டில் 'இன்வெஸ்டிகேட்டர்' என்று ஒரு நீராவிக் கப்பல் கட்டினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் கடல் சர்வே கப்பல். முக்கிய வேலை கடலின் ஆழம் அளப்பது. அதில் ஒரு டாக்டர் இருப்பார். மாலுமிகளுக்கு மருந்து கொடுத்த நேரம் போக, ஆழ்கடல் ஜீவராசிகளைச் சேகரிப்பது அவர் டியூட்டி. 1888-லிருந்து சில வருஷம் ஆல்காக் என்பவர் அந்த வேலையில் இருந்தார். பிறகு அதைப் பற்றி அருமையான புத்தகமே எழுதினார். வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் அள்ளிய நத்தை, சிப்பிகளில் பெரும்பகுதி லண்டன் மியூசியத்தில் எட்கர் ஆல்பர்ட் ஸ்மித் என்பவர் மேஜைக்குப் போனது. அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயர் வைத்தார்.

1894-ல் அவர் பதிந்ததில் ஒன்று, விரல் நீளத்துக்குள் அடங்குகிற ஒரு கூம்பு நத்தை. பெயர், 'கோனஸ் கோரமாண்டெலிகஸ்'. உச்சரிப்பு பயமுறுத்துகிறதா? கோரமாண்டல் என்பது வேறொன்றுமில்லை, நம் சோழமண்டலம். வெள்ளைக்காரன் வாயில் வழுக்கி அப்படி ஆனது. ஆக, ராஜராஜன் காலத்து நாட்டின் பெயரை ஒரு ஆழ்கடல் நத்தை சுமந்துகொண்டு ஊர்கிறது. இப்போது அதை வேறு பேரினத்துக்கு டிரான்ஸ்ஃபர் செய்துவிட்டார்கள். இருந்தாலும் சோழமண்டலம் போகவில்லை, ஸ்மித் பெயரும் போகவில்லை. டிரான்ஸ்ஃபர் ஆனதற்கு அடையாளமாக அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். அவ்வளவு சுத்தமான லெட்ஜர்.

எழும்பூர் மியூசியத்தின் சூப்பரிண்டெண்ட் கிரேவ்லி இன்னும் ஒரு படி கீழே இறங்கி வந்தார். மெட்ராஸ் பீச்சில் ஒதுங்குகிற கிளிஞ்சல்கள், நத்தைகளை எல்லாம் பட்டியல் போட்டார். 1941, 42-ல் இரண்டு பகுதிகளாக வந்தது. உலக யுத்தம் நடக்கிறது, குண்டு விழுமோ என்று ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த வருஷம் ஒரு மியூசியம், கடற்கரை நத்தைகளின் கணக்கை அச்சடித்து வெளியிட்டிருக்கிறது! இன்றைக்கும் நம் கடற்கரையில் முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இல்லை என்று பேச வேண்டுமானால் அந்தப் பட்டியலை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. கணவர் ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர். ஒரே பெண். எம்.எஸ்ஸி. விலங்கியல். ஒருநாள் அக்கா என்னை வழியிலேயே மடக்கினார்.

"தம்பி, நீ பத்திரிகையில எழுதுறவன். நீ சொன்னா கேப்பா. பேங்க் எக்ஸாம் எழுதுடின்னா, நத்தையை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கா. மேல பிஹெச்.டி.யும் அதுலதான் பண்ணுவாளாம். நத்தையை எண்ணினா எவன் சம்பளம் குடுப்பான், சொல்லு?"

நியாயமான கேள்வி. நானும் போனேன். ஹாலில் டியூப்லைட்டுக்குக் கீழே அந்தப் பெண் ஒரு கண்ணாடித் தட்டை நீட்டியது. எனக்கு மணல்தான் தெரிந்தது. ஒரு லென்ஸைக் கையில் கொடுத்து, "இப்பப் பாருங்க அங்கிள்" என்றது. மணல், மணலாக இல்லை. கோபுரம், குடை, ஜிலேபி, தலைப்பாகை, திருகாணி என்று விதவிதமான ஓடுகள். ஒவ்வொன்றும் செதுக்கி வைத்த மாதிரி. அவளுடைய புரொபசர் ஒரு ஆராய்ச்சிக் கப்பலில் சொல்லி வைத்து வாங்கிய சேறாம். ஆறு மாதமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"இது எல்லாத்துக்கும் பேர் இருக்காம்மா?"

"பாதிக்கு மேல இருக்கு அங்கிள். சிலதுக்குக் குடும்பம் வரைக்கும்தான் சொல்ல முடியுது. அதுக்கு மேல 'எஸ்.பி.'ன்னு போட்டு வெச்சிருவோம்."

எஸ்.பி. என்றால் போலீஸ் அதிகாரி இல்லை. 'ஏதோ ஒரு வகை, இன்னும் தெரியவில்லை' என்று அர்த்தம். நான் சும்மா இருப்பேனா? "எங்க பாஷையில இது சஸ்பென்ஸ் அக்கவுன்ட்மா" என்றேன். கணக்கு டேலி ஆகாதபோது வித்தியாசத் தொகையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கிற கணக்கு அது. தற்காலிகம்தான். வருஷக்கணக்கில் அது அங்கேயே கிடந்தால் ஆடிட்டர் கத்துவார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "தற்காலிகம் எவ்ளோ வருஷம் தெரியுமா அங்கிள்?" என்று கேட்டது. 2012-ல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் இதற்கும் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு புது உயிரினத்தை முதன்முதலில் சேகரித்த நாளிலிருந்து அதற்குப் பெயர் வைக்கிற நாள் வரை சராசரியாக எத்தனை காலம் ஆகிறது? 21 வருஷம். பிடித்தவர் ரிடையர் ஆகி, பேரன் பேத்தி எடுத்து, அலமாரியில் பாட்டில் மட்டும் காத்திருக்கிறது. காரணம், உயிரினம் கிடைக்காதது இல்லை. உட்கார்ந்து பெயர் வைக்கிற ஆள் கிடைக்காததுதான். ஒவ்வொருத்தராக ஓய்வு பெறுகிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார வருகிற பிள்ளைகளிடம் நாம் கேட்பது அக்கா கேட்ட அதே கேள்வி. எவன் சம்பளம் கொடுப்பான்?

21 வருஷம் காத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று தோன்றலாம். அதற்கு இன்னொரு நத்தையின் கதையைச் சொல்ல வேண்டும். இது நம் இந்தியப் பெருங்கடல் ஆசாமி.

2001-ல் மொரீஷியஸுக்குக் கிழக்கே கடலடியில் சுமார் 2,400 மீட்டர் ஆழம். 'கைரேய்' என்று பெயரிட்ட இடத்தில் பூமிக்குள்ளிருந்து 300 டிகிரிக்கும் மேலான வெந்நீர், கறுப்புப் புகை மாதிரி பீறிடுகிறது. அந்த ஊற்று ஓரத்தில் ஒரு நத்தை. உள்ளங்கையில் வைக்கிற சைஸ். அதன் காலில் நூற்றுக்கணக்கான செதில்கள். செதில்களிலும் ஓட்டிலும் இரும்பு! நிஜமான இரும்பு சல்பைடு. காந்தத்தைக் கொண்டுபோனால் இழுக்கும். வெளியே வைத்தால் துருப்பிடிக்கும். இன்று உயிரோடு இருக்கிற விலங்குகளில் இப்படி இரும்பு சல்பைடில் கவசம் போட்டுக்கொள்வது தெரிந்தவரை இது ஒன்றுதான். சாப்பாட்டுக்கும் அலைவதில்லை. உடம்புக்குள்ளேயே பாக்டீரியாக்களைக் குடிவைத்து, அவை சமைத்துப் போடுவதைச் சாப்பிடுகிறது. அந்தக் குடித்தனக்காரர்களுக்கு ஆக்சிஜன் சப்ளை செய்யவே அதன் இதயம் பெரிசு. உடம்பில் 4 சதவிகிதம். நமக்கு ஒன்றரை சதவிகிதம்கூடக் கிடையாது.

இத்தனை அதிசயமான பிராணிக்கு முறையான பெயர் எப்போது வந்தது? 2015-ல். 'கிரைசோமல்லான் ஸ்குவாமிஃபெரம்'. கண்டுபிடித்து 14 வருஷம் கழித்து! அதுவரை 'செதில் கால் நத்தை' என்ற பட்டப்பெயர்தான். இதற்கிடையில், அதே ஊற்றுகளில் செம்பு, துத்தநாகம், தங்கம், வெள்ளி எல்லாம் படிந்து கிடக்கிறது என்று உலக நாடுகள் மோப்பம் பிடித்து, சுரங்க ஆய்வு லைசென்ஸுக்கு வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டன.

2019-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இந்த நத்தையை 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்று சேர்த்தார்கள். ஆழ்கடல் சுரங்கத்தால் ஆபத்து என்று பட்டியலில் ஏறிய முதல் உயிரினம் இதுதான். அப்போது அது இருப்பதாகத் தெரிந்த இடங்கள் மூன்றே மூன்று. அதில் இரண்டு இடங்கள் ஆய்வு லைசென்ஸுக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி யோசியுங்கள். 2015-ல் அந்தப் பெயரை வைக்காமல் இருந்திருந்தால், 2019-ல் பட்டியலில் எந்தப் பெயரை எழுதியிருப்பார்கள்? பெயர் இல்லாததை எந்தச் சட்டத்திலும் சேர்க்க முடியாது. சஸ்பென்ஸ் அக்கவுன்டில் கிடப்பதற்கு எந்த கோர்ட்டும் ஸ்டே கொடுக்காது.

அந்த வழியில் இன்னும் பலர் போனார்கள். வெந்நீர் ஊற்றுகளில் மட்டுமே வாழ்கிற 184 வகைச் சிப்பி, நத்தைகளை எடைபோட்டு 2021-ல் ஒரு கணக்கு வந்தது. 62 சதவிகிதம் ஆபத்தில். பெயர் வைத்தவற்றின் நிலைமை இது. பெயர் வைக்காதது எத்தனை? 2023-ல் வந்த ஒரு ஆய்வு, சுரங்கக் கம்பெனிகள் கண்வைத்திருக்கிற பசிபிக் கடலடிப் பகுதி ஒன்றில் கிடைத்த ஐயாயிரத்துச் சொச்சம் உயிரினங்களில், பத்தில் ஒன்பது பங்குக்குப் பெயரே இல்லை என்கிறது.

இதெல்லாம் எங்கோ பசிபிக்கில் என்று சமாதானம் ஆக வேண்டாம். இந்தக் கதையில் நம்ம சென்னைக்குப் பெரிய வேஷம். 2016-ல் இந்தியா சர்வதேசக் கடலடி ஆணையத்தோடு ஒரு ஒப்பந்தம் போட்டது. இந்தியப் பெருங்கடலில் 10,000 சதுர கிலோமீட்டரில் இந்த ஊற்றுப் படிவுகளைத் தேடிப் பார்க்க உரிமை. தேடத்தான்; தோண்ட அல்ல. 2024 டிசம்பரில் பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும், கோவா துருவ ஆராய்ச்சி மையமும் சேர்ந்து 4,500 மீட்டர் ஆழத்தில் ஒரு வெந்நீர் ஊற்றைப் படம் எடுத்தார்கள். மூன்று பேரைச் சுமந்துகொண்டு 6,000 மீட்டர் இறங்குவதற்காக அதே நிறுவனம் கட்டுகிற 'மத்ஸ்யா 6000' வாகனத்தைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தது எங்கே தெரியுமா? 2025 ஜனவரி கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி வரை, எண்ணூருக்கு அந்தப் பக்கம், காட்டுப்பள்ளியில்! எங்கள் ஏரியாவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம், லாரிகள் வழிவிட்டால்.

எனக்கு அதில் பெருமைதான். பேப்பரில் படம் பார்த்தபோது நிஜமாகவே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஆனால், காட்டுப்பள்ளி, எண்ணூர் என்றதும் வடசென்னைக்காரனுக்கு இன்னொரு ஞாபகமும் கூடவே வரும். ஒரு இடத்தில் என்னென்ன உயிர் இருந்தது என்று எழுதி வைக்காமலே அங்கே தொழிற்சாலையும் சாம்பல் குட்டையும் வந்தால், பிற்பாடு எதை இழந்தோம் என்று சொல்லக்கூட ஆதாரம் இருக்காது. "இந்த முகத்துவாரத்தில் முன்னெல்லாம் இறால் கொட்டும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். 'எவ்வளவு? எந்த வகை? வவுச்சர் இருக்கா?' என்று கேட்டால், அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்?

பெயருக்கு என்ன பலம் என்பதற்கும் எண்ணூரே உதாரணம். அங்கே ஆற்றுத் தரை முழுக்கக் கம்பளம் விரித்த மாதிரி ஒரு கறுப்புச் சிப்பி பரவி, இறால் பிடிக்கிற மண்ணை மூடியது. மீனவர்கள் அதற்கு 'காக்கா ஆழி' என்று பெயர் வைத்தார்கள். கத்தினார்கள். அது 'மைடெல்லா ஸ்ட்ரைகேட்டா', தென் அமெரிக்காவிலிருந்து வந்தேறிய வகை என்று அடையாளம் தெரிந்ததும் விஷயம் வேறு மாதிரி ஆனது. எங்கிருந்து வந்தது, எவ்வளவு வேகமாகப் பெருகும், வேறெங்கே தொல்லை கொடுத்தது என்று கேட்க முடிந்தது. பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மீனவர் கண்டுபிடித்தது பாதி, பெயர் கண்டுபிடித்தது பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் மனு நிற்கும்.

அக்காவுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். "அக்கா, அவ பண்றதும் கணக்கு வேலைதான். என்ன, கம்பெனி கொஞ்சம் பெரிசு. சம்பளம் லேட்டா வரும்" என்றேன். அக்கா என்னை முறைத்தார். வீட்டு வாடகை, கல்யாணம், வயசு என்று அவர் பக்கத்துக் கணக்கும் பொய் இல்லையே! கடைசியில் அம்மாவும் பெண்ணும் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். பேங்க் எக்ஸாமும் எழுதுவாள், பிஹெச்.டி.க்கும் அப்ளை பண்ணுவாள். எது முதலில் வருகிறதோ அது. எனக்கு எது வர வேண்டும் என்று ஆசை என்பதை அக்காவிடம் நான் சொல்லவில்லை.

நம்மிடம் நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் கடல் உயிரியல் மையம் 1973-லிருந்து இருக்கிறது. கொச்சியில் 'பவசாகரா' என்று ஆழ்கடல் உயிரினங்களுக்கென்றே ஒரு களஞ்சியம் இருக்கிறது. கப்பல் இருக்கிறது, சல்லடை இருக்கிறது, அலமாரி இருக்கிறது. வேண்டியதெல்லாம், லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்காரப் பத்துப் பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகளுக்கு மாதம் முதல் தேதி சம்பளமும்.

ஆறாயிரம் மீட்டர் போகிற மத்ஸ்யாவில் மூன்று சீட் என்றேன் அல்லவா? ஓட்டுவதற்கு ஒருத்தர் கட்டாயம் வேண்டும். தாதுவைத் தேட ஒருத்தர் போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாவது சீட்டை மட்டும் ஒரு கணக்குப்பிள்ளைக்கு ஒதுக்குங்கள் சார். கையில் ஒரு லென்ஸ், ஒரு பிரஷ். பெரம்பூரில் ஆள் இருக்கிறது.